எவ்ரிதிங்: பெயர் நினைவிருந்தால் ஃபைல் கைக்கு வரும், மெயில் மட்டும் வராது

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபைலைப் பெயரால் தேட வாய்ட்டூல்ஸ் வெளியிடும் எவ்ரிதிங் என்ற இலவசக் கருவியை விடச் சிறந்தது இல்லை. ஆனால் ஃபைலின் பெயரே நினைவில்லை, உள்ளே இருந்த ஒரு வரிதான் நினைவிருக்கிறது என்றால் இதை முதலில் திறக்க வேண்டாம். மெயில் தேடவும் இது உதவாது. "எல்லாம்" என்று பெயர் வைத்துக்கொண்டு முதன்மையாகப் பெயர்களைத் தேடும் கருவி இது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறக்கினால் ஏமாற்றம் இருக்காது.

இந்த மதிப்பீடு 1.4 வரிசையைப் பற்றியது. கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம்; தேடல் பெட்டியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிரைவ்களில் ஃபைல்களைச் சேமிக்கும் வழக்கமான முறை) முறையில் ஃபார்மட் செய்த ஒவ்வொரு டிரைவிலும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற பதிவேடு இருக்கும். அந்த டிரைவில் உள்ள எல்லா ஃபைல், ஃபோல்டர்களின் பெயரும் அதில் பதிவாகியிருக்கும். விண்டோஸின் சொந்தத் தேடல், தன் அட்டவணையில் இல்லாத இடங்களில், ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து ஃபைல்களைத் திறந்து படிக்கப் பார்க்கிறது. எவ்ரிதிங் அந்தப் பதிவேட்டை நேரடியாக வாசித்துவிடுகிறது. புதிதாக நிறுவிய விண்டோஸ் 10-இல் இருக்கும் சுமார் 1,20,000 ஃபைல்களை அட்டவணைப்படுத்த ஒரு நொடி, 10 லட்சம் ஃபைல்களுக்கு ஒரு நிமிடம் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. 10 லட்சம் ஃபைல்களுக்கு 75 எம்பி அளவு நினைவகமும் 45 எம்பி அளவு டிஸ்க் இடமும் ஆகும். பிரவுசரில் ஒரு டேப் திறந்து வைத்தாலே இதைவிட அதிகம் செலவாகிறது.

அட்டவணை ஒரு முறை தயாரான பிறகு மாற்றங்களை யுஎஸ்என் ஜர்னல் வழியாகத் தெரிந்துகொள்கிறது. என்டிஎஃப்எஸ் தானே எழுதி வைக்கும் மாற்றக் குறிப்பேடு அது. நீங்கள் ஒரு ஃபைலைச் சேமித்த அடுத்த கணமே அது பட்டியலில் தெரிவதற்கு இதுதான் காரணம். கருவி ஓடாத நேரத்தில் நடந்த மாற்றங்களையும் அடுத்த முறை திறக்கும்போது இதிலிருந்தே பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு வேறுபாடு பலரும் கவனிக்காதது. விண்டோஸ் தேடல் சொற்களாகப் பிரித்து, சொல்லின் தொடக்கத்திலிருந்து பொருத்திப் பார்க்கிறது. எவ்ரிதிங் பெயரின் எந்த இடத்தில் இருந்தாலும் பிடிக்கும். ஒரு பில்லின் எண்ணில் நடுவே உள்ள நான்கு இலக்கம் மட்டும் நினைவிருக்கிறதா, அதைத் தட்டினாலே போதும்.

நிறுவும்போது

நிறுவல் ஃபைல் மிகச் சிறியது. வாய்ட்டூல்ஸ் தளத்திலிருந்தே இறக்குங்கள். சர்வீஸாக (பின்னணியில் ஓடும் நிரலாக) நிறுவலாமா என்று ஒரு கேள்வி வரும், ஆம் என்று சொல்லிவிடுங்கள். பதிவேட்டை நேரடியாக வாசிக்க அட்மின் உரிமை தேவை. சர்வீஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அனுமதிப் பெட்டி வந்து நிற்கும். விண்டோஸ் தொடங்கும்போதே தொடங்கவும் டிக் செய்துகொள்ளுங்கள்.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பதிவேட்டை நேராகப் படிப்பதால் யாருக்கு எந்த ஃபோல்டர் அனுமதி என்பதை இது பார்ப்பதில்லை. ஒருவரின் கணக்கில் உள்ள ஃபைல் பெயர்கள் இன்னொருவரின் தேடலில் தெரியும். திறக்க முடியாது, ஆனால் பெயர் தெரியும். சம்பளப் பட்டியல், மருத்துவ அறிக்கை போன்றவற்றுக்குப் பெயரே போதுமான தகவல் ஆகிவிடும். அத்தகைய இடங்களில் சர்வீஸைத் தவிர்த்து, தேவையான ஃபோல்டர்களை மட்டும் சேர்த்துக்கொள்வது நல்லது.

நிறுவியதும் செட்டிங்கில் மூன்று வேலை. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், கீபோர்டு பகுதியில் ஜன்னலைக் கூப்பிட ஒரு ஹாட்கீ (குறுக்கு விசை) வையுங்கள். இயல்பாக எதுவும் வைக்கப்பட்டிருக்காது. ஹாட்கீ இல்லாத எவ்ரிதிங்கைப் பத்து நாளில் மறந்துவிடுவீர்கள். அடுத்து, எக்ஸ்க்ளூட் பகுதியில் விண்டோஸ் ஃபோல்டரையும், நிரல் எழுதுபவர் என்றால் நோட் மாட்யூல்ஸ் போன்ற குப்பைக் கிடங்குகளையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் ஒரு சொல்லுக்கு ஆயிரக்கணக்கில் சிஸ்டம் ஃபைல்கள் வந்து குவியும். ரீசைக்கிள் பின்னுக்குள் கிடப்பவையும் டாலர் குறியோடு பெயர் மாறி வந்து நிற்கும். மூன்றாவது, இண்டெக்ஸ் பகுதியில் ஃபோல்டர் அளவையும் சேர்க்கச் சொல்லும் கட்டத்தை டிக் செய்வது. சில நொடி அதிகம் எடுக்கும். ஆனால் டிஸ்க் நிரம்பும்போது எந்த ஃபோல்டர் இடத்தை விழுங்கியது என்று அளவு நெடுவரிசையை ஒரு கிளிக்கில் பார்த்துவிடலாம்.

தேடும் மொழி

இடைவெளி விட்டு எழுதும் சொற்கள் அனைத்தும் பெயரில் இருக்க வேண்டும், வரிசை முக்கியமில்லை. "அல்லது" வேண்டுமானால் நடுவே செங்குத்துக் கோடு. ஒரு சொல் இருக்கக் கூடாது என்றால் அதன் முன்னால் ஆச்சரியக்குறி. இடைவெளியோடு அப்படியே தேட மேற்கோள் குறி. இந்த நான்கில் முக்கால்வாசித் தேடல் முடிந்துவிடும்.

பெரிய பலன் தருவது இரண்டு மூன்று கட்டளைகள்தான். இ-எக்ஸ்-டி என்று மூன்று எழுத்தும் முக்காற்புள்ளியும் தட்டி, பின்னால் பிடிஎஃப் என்று எழுதினால் பிடிஎஃப் மட்டும் வரும். அரைப்புள்ளி இட்டுப் பல வகைகளைச் சேர்க்கலாம். சைஸ் என்று எழுதி, முக்காற்புள்ளி, பெரிது குறி, 500எம்பி என்றால் அதற்கு மேற்பட்டவை. டி-எம் என்பது மாற்றிய நாள். அதன் பின் டுடே, யெஸ்டர்டே, திஸ்வீக், லாஸ்ட்மன்த் போன்ற சொற்களைச் சேர்த்தே எழுதலாம். குறிப்பிட்ட இரு நாள்களுக்கு இடையே வேண்டுமானால் 2024-03-01..2024-03-31 என்று, நடுவே இரண்டு புள்ளி. நாளை முன்னால் எழுதுவதா மாதத்தை முன்னால் எழுதுவதா என்பது விண்டோஸின் பிராந்திய அமைப்பைப் பொறுத்து மாறும். ஆண்டில் தொடங்கி இடையே கோடு போட்டு எழுதினால் அந்தக் குழப்பமே வராது.

மூன்றையும் ஒரே வரியில் கோக்கலாம். பிடிஎஃப், சென்ற மாதம், பெயரில் "பில்" உண்டு, "நகல்" இல்லை என்ற நிபந்தனைகள் ஒரே வரியில் அடங்கும். தட்டத் தட்டவே பட்டியல் சுருங்கிக்கொண்டு வரும். அடிக்கடி தேவைப்படுவதை கன்ட்ரோல் + டி அழுத்தி புக்மார்க்காக வைத்துக்கொள்ளலாம்.

ஃபோல்டர் பெயரைச் சேர்த்துத் தேடுவதில்தான் பலர் தடுமாறுவார்கள். இயல்பில் ஃபைல் பெயரை மட்டுமே பார்க்கும். "வரி" என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் "ஸ்கேன்003" என்ற ஃபைலை "வரி ஸ்கேன்" என்று தேடினால் கிடைக்காது. "வரி\ ஸ்கேன்" என்று பின்சாய்வுக்கோட்டைச் சேர்த்தால், அந்தக் கோடு உள்ள சொல்லை முழுப் பாதையிலும் தேடும். எப்போதுமே முழுப் பாதையில் தேட கன்ட்ரோல் + யு. தவறிக் கை பட்டு இது ஆன் ஆகிவிட்டால் எதிர்பாராத குப்பையெல்லாம் வரும். "நேற்று வரை சரியாக இருந்தது, இன்று கண்டதெல்லாம் வருகிறது" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சர்ச் மெனுவில் உள்ள டிக்குகளைத்தான். கன்ட்ரோல் + ஆர் அழுத்தினால் ரெஜெக்ஸ் (தேட வேண்டிய வடிவத்தைச் சிறப்புக் குறிகளால் எழுதும் முறை) ஆன் ஆகும். அப்போது இடைவெளிக்கு "மேலும் இதுவும்" என்ற பொருள் போய்விடும், பல சொற்களைச் சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் சுழியம் காட்டும். கருவி பழுதாகிவிட்டது என்று அழித்து மறுபடி நிறுவுகிறவர்கள் பலருக்கும் இதுதான் நோய்.

தேடல் பெட்டியைக் காலியாக விட்டு, மாற்றிய நாள் நெடுவரிசையைப் புதியது மேலே வரும்படி அடுக்குங்கள். கம்ப்யூட்டர் முழுவதிலும் கடைசியாக எது மாறியது என்பது நேரடியாகத் தெரியும். "எங்கே சேமித்தேன் என்று தெரியவில்லை" என்ற நித்திய சிக்கலுக்கு இதுவே மருந்து. எதிர்பாராத இடத்தில் சேமித்துவிடும் ஆப்கள், இறக்கும்போது பெயரை மாற்றிவிடும் தளங்கள் எல்லாம் இங்கே அகப்பட்டுவிடும். அளவும் மாற்றிய நாளும் அட்டவணையிலேயே இருப்பதால் உடனே அடுக்கும். உருவாக்கிய நாள், கடைசியாகத் திறந்த நாள் ஆகியவை இயல்பில் அட்டவணையில் இல்லை. அவற்றால் அடுக்கினால் திணறும். தேவையென்றால் ஆப்ஷனில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிடைத்த ஃபைலைப் பட்டியலிலிருந்தே இழுத்து மெயிலில் போட்டு அட்டாச் செய்யலாம். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி முழுப் பாதையை நகலெடுக்கும். அட்டாச் செய்யும் பெட்டியில் அதை ஒட்டினால் ஃபோல்டர் ஃபோல்டராக இறங்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: பட்டியலில் தெரிபவை நிஜமான ஃபைல்கள். டெலீட் அழுத்தினால் பட்டியலிலிருந்து மட்டும் போகாது, ஃபைலே ரீசைக்கிள் பின்னுக்குப் போகும்.

ஒரே அளவுள்ளவற்றைக் காட்ட சைஸ்ட்யூப், ஒரே பெயர் உள்ளவற்றைக் காட்ட ட்யூப் என்ற கட்டளைகள் உண்டு. நகல்களைக் களையெடுக்க இதை நம்பி மொத்தமாக அழிக்காதீர்கள். அளவு ஒன்றாக இருப்பதால் உள்ளடக்கம் ஒன்றாகிவிடாது. சந்தேகப் பட்டியல் தயாரிக்கவே இவை.

எங்கே சறுக்குகிறது

எக்ஸ்ஃபேட், ஃபேட்32 முறையில் உள்ள பென் டிரைவ், மெமரி கார்டு, நெட்வொர்க்கில் உள்ள பொது டிரைவ் எதிலும் அந்தப் பதிவேடு கிடைக்காது. ஆப்ஷன்ஸில் ஃபோல்டர்ஸ் பகுதிக்குப் போய் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் அவற்றை ஃபோல்டர் ஃபோல்டராக ஸ்கேன் செய்தே படிக்கும், வேகம் நெட்வொர்க்கின் வேகம்தான். மறுபடி ஸ்கேன் செய்யும் நேரத்தை அங்கேயே குறிக்கலாம். கம்ப்யூட்டர் ஓடும் நேரமாகப் பார்த்துக் குறியுங்கள். ஸ்கேன் நடக்கும் வரை, பொது டிரைவில் சக ஊழியர் போட்ட ஃபைல் தெரியாமல் போகலாம்.

உள்ளடக்கத் தேடல் இருக்கிறது, கன்டென்ட் என்ற கட்டளையாக. ஆனால் 1.4-இல் அதற்கு அட்டவணை கிடையாது. தேடும் அந்தக் கணத்தில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து படிக்கும். கட்டளையைத் தனியாகத் தட்டினால் டிரைவ் முழுவதையும் வாசிக்கத் தொடங்கிவிடும். முதலில் ஃபோல்டர், வகை, நாள் என்று சில நூறு ஃபைலாகச் சுருக்கிவிட்டு, கடைசியில் கன்டென்ட்டைச் சேர்ப்பதே முறை. ஒன்டிரைவ் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. மேகத்தில் (இணையச் சேமிப்பில்) மட்டும் இருக்கும் ஃபைல்களின் பெயரும் பட்டியலில் தெரியும். உள்ளே படிக்கப் போனால் அவை ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது எழுத்தே இல்லாத படம். ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவது) செய்யாதவரை எந்தக் கருவியாலும் அதற்குள் தேட முடியாது.

தமிழ்ப் பெயர்களைத் தமிழிலேயே தட்டித் தேடலாம். ஆனால் யூனிகோடில் "ொ" என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், "ெ", "ா" என்று இரண்டாகவும் எழுதலாம்; கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. "ஸ்ரீ"க்கும் இரண்டு வடிவக் குறியீடுகள் புழக்கத்தில் உள்ளன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் இங்கே தவறவிடக்கூடும். இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த தமிழ்ப் பெயர் அகப்படாவிட்டால், ஒகர ஓகாரம் இல்லாத பகுதியை மட்டும் தட்டிப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்களின் கதை வேறு. அவற்றுக்குள் இருப்பவை ஆங்கில விசையின் எழுத்துகள்தாம், திரையில்தான் தமிழாகத் தெரிகின்றன. யூனிகோடில் தேடினால் ஒருநாளும் வராது. எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை என்றால், ஃபைல் பெயரையாவது யூனிகோடில் தெளிவாக வைத்துவிடுங்கள். எவ்ரிதிங்குக்கு அது போதும்.

எச்டிடிபி சர்வர் வசதியும் உள்ளே இருக்கிறது, வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரிலிருந்து தேடுவதற்கு. இயல்பில் அணைந்திருக்கும், அப்படியே விட்டுவிடுங்கள். கடவுச்சொல் இல்லாமல் ஆன் செய்து, ரவுட்டரிலும் கதவைத் திறந்துவிட்டால், உங்கள் டிஸ்க்கின் முழுப் பட்டியலும் ஊருக்கே தெரியும். இந்த வசதியே இல்லாத லைட் பதிப்பும் கிடைக்கிறது. அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அதுவே நல்லது.

உள்ளடக்கமும் மெயிலும் தேட

உள்ளடக்கத்தை அடிக்கடி தேடுபவர் டாக்ஃபெட்ச்சர் என்ற திறந்த மூலக் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜாவாவில் ஓடுவது. தோற்றம் பழையது, அட்டவணை போட நேரம் எடுக்கும். ஆனால் வேர்ட், எக்செல், பிடிஎஃப் மட்டுமல்ல, அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைலுக்குள்ளும் போகும். டிரைவ் முழுவதையும் கொடுக்காமல் ஆவண ஃபோல்டரை மட்டும் கொடுத்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

எவ்ரிதிங் மெயிலைக் காணாததற்குக் காரணம் எளிது. அவுட்லுக் தன் மெயில்களை பிஎஸ்டி அல்லது ஓஎஸ்டி என்ற ஒற்றைப் பெரிய ஃபைலில் அடைத்து வைக்கிறது. தண்டர்பேர்டு இயல்பில் ஒரு மெயில் ஃபோல்டருக்கு ஒரு ஃபைல் என்று வைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூட்டைதான் தெரியும், உள்ளே உள்ள கடிதம் தெரியாது.

வழக்கமான (கிளாசிக்) அவுட்லுக் விண்டோஸின் அட்டவணையை நம்பித் தேடுகிறது. கன்ட்ரோல் + இ தேடல் பெட்டிக்குக் கொண்டுபோகும். மெயில் கிடைக்கவில்லை என்பவர்கள் முதலில் பெட்டியின் அருகே எந்த எல்லை தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். "இந்த ஃபோல்டர்" என்றிருந்தால் வேறு ஃபோல்டரில் இருப்பது வராது. அடுத்த காரணம் எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வர்) கணக்குகளில் ஆஃப்லைனில் வைக்கும் காலம். இயல்பில் பெரும்பாலும் 12 மாத மெயில்தான் கம்ப்யூட்டரில் இருக்கும். அதற்கு முந்தையது சர்வரில் மட்டும். அக்கவுண்ட் செட்டிங்கில் அந்த அளவை நகர்த்தி "எல்லாம்" வரை கொண்டுபோகலாம், டிஸ்க்கில் இடம் இருந்தால். இரண்டும் சரியாக இருந்தும் தேடல் பாதியே காட்டினால், கன்ட்ரோல் பேனலில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ரீபில்ட். அவுட்லுக்கைத் திறந்தே வைத்து, இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். அவுட்லுக் மூடியிருந்தால் பிஎஸ்டியை விண்டோஸ் அட்டவணைப்படுத்தாது. ரீபில்ட் முடியும் முன்பே தேடிப் பார்த்து "இன்னும் சரியாகவில்லை" என்று மறுபடி ரீபில்ட் கொடுப்பவர்களுக்கு அது ஒருபோதும் முடியாது.

தண்டர்பேர்டில் இரண்டு தேடல்கள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கே திறக்கும் பட்டை இப்போதைய ஃபோல்டரை மட்டும் வடிகட்டும், வேகமானது, நம்பகமானது. மேலே உள்ள பொதுத் தேடல் தனி அட்டவணையைப் பயன்படுத்துகிறது. அது கெட்டுப்போனால் தண்டர்பேர்டை மூடி, புரொஃபைல் ஃபோல்டரில் குளோபல் மெசேஜஸ் டிபி என்று தொடங்கும் எஸ்க்யூலைட் ஃபைலை நீக்கிவிட்டுத் திறந்தால் தானே புதிதாக எழுதிக்கொள்ளும். மெயில்களுக்கு ஆபத்தில்லை. அந்த ஃபைலைக் கண்டுபிடிக்க எவ்ரிதிங்கே உதவும்.

ஜிமெயிலில் தேடுபவர்கள் எவ்ரிதிங் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் பொருத்தும், சொல்லின் ஒரு துண்டைத் தட்டினால் எதுவும் வராது. ஃப்ரம், ஹேஸ் அட்டாச்மென்ட், ஃபைல்நேம், லார்ஜர் 10எம், ஓல்டர் தேன் 1ஒய் ஆகிய ஐந்து கட்டளைகள் போதும். இன் எனிவேர் சேர்த்தால் ஸ்பாமிலும் குப்பையிலும் தேடும். வந்ததாக அனுப்பியவர் சத்தியம் செய்யும் மெயில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மெயிலையும் எவ்ரிதிங்கில் கொண்டுவர ஒரே வழி, முக்கியமானவற்றை ஃபைலாக வெளியே எடுத்து வைப்பது. அவுட்லுக்கிலிருந்து மெயிலை ஒரு ஃபோல்டருக்குள் இழுத்துவிட்டால் பொருள் வரியே ஃபைல் பெயராகிவிடும். அனுப்பியவர் பெயரும் நாளும் அதில் வராது, கையால் சேர்க்க வேண்டும். நாளை 2024-03-15 என்ற வடிவில் முன்னால் வைத்தால் பெயரால் அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். ஒப்பந்தம், ரசீது, அனுமதிக் கடிதம் போன்றவற்றுக்கு இந்த உழைப்பு தகும். தினசரி மெயில் அனைத்துக்கும் செய்யப் புறப்பட்டால் ஒரு வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள்.

யாருக்கு வேண்டாம்: ஃபைல்கள் அனைத்தும் கூகுள் டிரைவிலோ வேறு மேகத்திலோ பிரவுசர் வழியாகவே இருப்பவர்களுக்கும், மேக் வைத்திருப்பவர்களுக்கும். "டாக்குமென்ட்1", "ஃபைனல் புதுசு", "ஸ்கேன்0047" என்றே பெயர் வைப்பவர்களுக்கும் பாதிப் பலன்தான். அவர்கள் நாளாலும் அளவாலும் தேடப் பழக வேண்டியிருக்கும். மற்ற எல்லா விண்டோஸ்காரர்களும் இன்றே நிறுவி, ஹாட்கீ வைத்து, விண்டோஸ் ஃபோல்டரை விலக்கிவிடுங்கள். ஹெல்ப் மெனுவில் சர்ச் சின்டாக்ஸ் என்ற பக்கம் இருக்கிறது. இங்கே சொல்லாத கட்டளைகள் அனைத்தும் அதில் உண்டு.